ஒரு கார், இரண்டு ஓட்டுநர்கள்

நானும் என் நண்பரும் கூட்டாக ஒரு பந்தயக் கார் வாங்கி ஒரு பருவம் முழுவதும் ஓட்டிப் பார்ப்பது என்று தீர்மானித்தபோது, எங்கள் கையில் இருந்தவை தனித்தனியாக ஓட்டப் போதாத சேமிப்பும் ‘கார்ட்’ என்னும் சிறிய பந்தய வண்டியை ஓட்டிப் பழகிய சில ஆண்டு அனுபவமும் மட்டுமே. முதல் மூன்று மாதங்கள் எந்தக் காரை வாங்கலாம் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எந்தத் தொடரில் ஓட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால் கார் தானாக முடிவாகிவிடும் என்பது, விற்பனைக்கு வந்த ஒரு காரை அவசரமாகப் பார்க்கப் போன அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

அந்தக் கார் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது; விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும் அளவில் இருந்தது. நண்பர் கதவைத் திறந்து குனிந்து, பெல்ட்டில் தைத்திருந்த முத்திரைத் துணியைத் திருப்பிப் பார்த்தார். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரமுத்திரை பெற்ற பெல்ட்டுகளில் எந்த ஆண்டுவரை செல்லும் என்று அச்சிட்டிருக்கும்; இதில் அந்த ஆண்டு எப்போதோ கடந்துவிட்டிருந்தது. இருக்கையும் அப்படித்தான். 8855-1999 என்ற தர எண் கொண்ட இருக்கைக்குத் தயாரிப்பிலிருந்து ஐந்தாண்டுகள்தான் ஆயுள் என்பதைப் பல தொடர்களின் விதிப்புத்தகங்கள் அப்படியே எடுத்துக்கொள்கின்றன. ஒரு சில தொடர்கள் மட்டுமே நல்ல நிலையில் உள்ள பழைய இருக்கையை அனுமதிக்கின்றன. விற்பவர் பொய் எதுவும் சொல்லவில்லை. அவர் ஓட்டிய தொடரில் அந்த இருக்கை செல்லும். நாங்கள் மனத்தில் வைத்திருந்த தொடரில் செல்லாது. ஒரே கார், ஒரு விதிப்புத்தகத்தில் பந்தயத்துக்குத் தயார், இன்னொன்றில் பாதி வேலை பாக்கி. அன்று வாங்காமல் திரும்பினோம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். மலிவுப் பந்தயத்தின் கணக்கு முழுவதும் அதுதான். அமெரிக்காவில் 2006-இல் ஜே லாம் தொடங்கிய ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ என்ற தொடரில், காருக்கு 500 டாலருக்கு மேல் செலவழிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் ரோல் கேஜ் (கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உலோகக் கூண்டு), இருக்கை, பெல்ட், பிரேக், டயர் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு அந்த 500 டாலரில் சேராது. உயிரைக் காக்கும் பொருள்களில் யாரும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதற்காக வைத்த நியாயமான விலக்குதான் அது; ஆனாலும் காரின் விலையை மட்டும் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

ஆகவே நாங்கள் வேறொரு அளவுகோலை எடுத்துக்கொண்டோம். ஒரு பந்தய வார இறுதிக்கு ஆகும் மொத்தச் செலவை, அதில் ஒவ்வொருவரும் ஓடுதளத்தில் ஓட்டும் நிமிடங்களால் வகுத்துப் பார்த்தோம். குறும்பந்தயத் தொடர் ஒன்றில் கால் மணி நேரத் தகுதிச் சுற்றும் (பந்தயம் தொடங்கும் வரிசையை முடிவு செய்யும் ஓட்டம்) இருபது நிமிடப் பந்தயங்கள் இரண்டும் இருந்தால், ஆளுக்கொரு பந்தயம் என்று பிரித்துக்கொண்டாலும் அரை மணி நேரம்கூடக் கைக்கு வராது. அதே வார இறுதியில் அரை மணி நேரத் தகுதிச் சுற்றும், இடையில் ஓட்டுநர் மாறும் ஒரு மணி நேரப் பந்தயமும் இருந்தால் ஆளுக்கு முக்கால் மணி நேரம் கிடைக்கும். பயணம், தங்குமிடம், பதிவுக் கட்டணம், காரை ஏற்றிச் செல்லும் டிரெய்லர் எல்லாம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குறும்பந்தயத் தொடரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலும் புள்ளிகள் ஓட்டுநரின் பெயரில்தான் சேரும். காரைப் பங்கிட்டுக்கொள்கிற இருவரும் பாதிப் பருவம் ஓட்டாதவர்களாகவே பட்டியலின் அடியில் கிடப்பார்கள். புள்ளி முக்கியமில்லை என்று தொடக்கத்தில் நானும்தான் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு மனம் கிடையாது என்பது என் நண்பருக்குத் தெரியும்.

சரி, அப்படியென்றால் எட்டு மணி நேரம், இருபத்து நான்கு மணி நேரம் என்று ஓடும் நெடும்பந்தயங்களுக்கே போய்விடலாமே என்று தோன்றும். நிமிடக் கணக்கில் அவைதான் மிக மலிவு. ஆனால் அவை நான்கைந்து பேர் கொண்ட அணிகளை மனத்தில் வைத்து அமைந்தவை. ஒருவர் தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம், இறங்கிய பின் எவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்ற வரம்புகள் இருவர் அணியை நெருக்கும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர்தான் எரிபொருள் கேனைத் தூக்க வேண்டும், ரேடியோவில் பேச வேண்டும், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். ஒரே பந்தயத்தில் ஒரு செட் டயரும் ஒரு செட் பேடும் தீர்ந்துபோகலாம் என்பதையும் கணக்கில் சேர்த்தபோது, ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஓடும், ஒரே ஒரு கட்டாய நிறுத்தம் கொண்ட பந்தயங்களே எங்களுக்கு ஏற்றவை என்று தெளிவாயிற்று.

கார் வகையில் அதிகம் யோசிக்கவில்லை. ஒற்றை இருக்கைக் கார்கள் உடனே விலகின. ஃபார்முலா வீ போன்ற வகுப்புகள் எளிமைக்கும் மலிவுக்கும் பெயர் பெற்றவைதான், ஆனால் அந்தக் குறுகிய கூட்டுக்குள் இரண்டு உடல்வாகுகளைப் பொருத்துவது பெரும் பாடு. ஒரே மாடல் கார்கள் மட்டும் ஓடும் தொடர்கள்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பாதுகாப்பானவை. பிரிட்டனில் 998 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின் கொண்ட சித்ரோயன் சி1 கார்களை வைத்தும், அதற்கு முன்பிருந்தே 602 சிசி சித்ரோயன் 2சிவி கார்களை வைத்தும் பந்தயங்கள் நடக்கின்றன. அமெரிக்காவில், அங்கே மியாட்டா எனப்படும் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 கார்களை வைத்து ‘ஸ்பெக் மியாட்டா’ என்ற வகுப்பு வளர்ந்தது. வேகம் குறைவு என்று இவற்றைச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் சாலையில் லட்சக்கணக்கில் ஓடிய கார் என்றால் கதவும் கியர்பாக்ஸும் பழைய பாகக் கடையில் கிடைக்கும். எஞ்சினைத் தொடக் கூடாது, எல்லோருக்கும் ஒரே டயர் என்று விதி கறாராக இருந்தால், பணம் வைத்திருப்பவர் பணத்தால் நம்மை முந்த வழி குறையும். நாங்கள் அப்படியொரு சிறிய ஹாட்ச்பேக் தொடரைத்தான் குறித்துவைத்து, அதற்கேற்ற காரையும் வாங்கினோம்.

ஆனால் விதிப்புத்தகம் சொல்லாத ஒரு சிக்கல் இருக்கையில் காத்திருந்தது. நண்பர் என்னைவிட ஒரு சாண் உயரம். அவருக்காகப் பின்னுக்குத் தள்ளிய இருக்கையில் நான் உட்கார்ந்தால் கிளட்ச் முழுவதுமாக அழுந்தாது. எனக்காக முன்னுக்கு இழுத்தால் அவருடைய முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். ஒவ்வொரு முறையும் இருக்கையை நகர்த்தினால் தோள் பெல்ட்டின் கோணமும் மாறிவிடும் என்பதால், அவருக்கு ஏற்ற இடத்தில் இருக்கையை நிலைப்படுத்திவிட்டு, எனக்கு மட்டும் ஒரு நுரைத் திண்டு செய்துகொண்டோம். இரண்டு திரவங்களைக் கலந்து பெரிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, அது பொங்கி இறுகுவதற்குள் அதன்மேல் பந்தய உடையோடு உட்கார்ந்து, கால்களைப் பெடல்களில் வைத்தபடி அசையாமல் இருக்க வேண்டும். முதுகில் சூடு ஏறுவது நன்றாகத் தெரியும். இறுகியதும் வெளியே எடுத்து, விளிம்புகளைக் கத்தியால் செதுக்கி, எரியாத துணியால் உறை போட்டோம்.

அதன் பிறகு கொட்டகையில் நிறுத்திய காரில், கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஓட்டுநர் மாறிப் பழகினோம். முதல் முயற்சிக்கு இரண்டே முக்கால் நிமிடம் ஆனது. ஏறுபவரின் முதுகுக்கு அடியில் தோள் பெல்ட் சிக்கியது. இறங்கியவர் ரேடியோ வயரைக் கழற்ற மறந்தார். இறங்குபவர் பெல்ட்டுகளை முழுவதும் தளர்த்தி வெளிப்பக்கமாகப் போட்டுவிட்டே இறங்க வேண்டும் என்ற ஒரே ஒரு ஒழுங்கு வந்ததும் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்தது. நாங்கள் தேர்ந்த தொடரில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு முன் பிட்டை (பந்தயத்தின் நடுவே காரை நிறுத்தும் இடத்தை) விட்டுக் கிளம்பக் கூடாது என்ற விதி இருப்பதால் அது போதும். அத்தகைய விதி இல்லாத தொடரில், பெல்ட்டைச் சரியாக இறுக்காமல் கிளம்பும் சபலம் வந்தே தீரும். அதனாலேயே நான் அங்கே போக மாட்டேன்.

எடை விஷயம் எளிது: காரும் ஓட்டுநரும் சேர்ந்த குறைந்தபட்ச எடைதான் விதியில் இருக்கிறது என்பதால், எடை குறைந்த என்னைக் கணக்கிட்டுக் காரில் ஈய எடைக்கட்டியைப் பொருத்தினோம். நண்பர் ஓட்டும்போது அவ்வளவும் வீண் சுமை. அதை அவர் அடிக்கடி நினைவூட்டுகிறார்.

பணத்தைப் பற்றிய பேச்சைத்தான் மிகவும் தள்ளிப்போட்டோம். வழக்கமான வாகனக் காப்பீடு பந்தயச் சேதத்துக்கு வராது. இடித்தவர் கொடுக்க வேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் முதலில் ஓட்டியவர் பிரேக்கைத் தேய்த்துவிட்டுக் கொடுத்த காரை இரண்டாமவர் சுவரில் கொண்டுபோய்ச் சொருகினால் யார் கணக்கில் எழுதுவது? கடைசியில், ஒரு வரம்புவரை எதுவானாலும் ஆளுக்குப் பாதி, அதற்கு மேல் போனால் செப்பனிடாமல் உள்ளதை உள்ளபடி விற்றுப் பிரித்துக்கொள்வது, ஒருவர் பாதியில் விலகினால் மற்றவருக்கே முதலில் விற்பது என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். “இதைக்கூட எழுதணுமா?” என்று முதலில் கேட்டவர் நண்பர், வரம்புத் தொகையைக் குறைக்கச் சொன்னவரும் அவரே.

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் அந்தத் தொடரின் ஒரு பந்தய நாளில் தன்னார்வலர்களாகப் போய் நின்றோம். மாலையில் எத்தனை கார்கள் நசுங்கிய பக்கத்தோடு டிரெய்லரில் ஏறுகின்றன, உடைந்த காருக்கு எதிரணிக்காரர் பாகம் கொடுக்கிறாரா என்பதையெல்லாம் அங்கே நின்றால்தான் பார்க்க முடியும். நாங்கள் போன அன்று, முன்வரிசையில் ஓடும் ஒருவர் தன்னிடமிருந்த மாற்று டிரைவ் ஷாஃப்ட்டை (சக்கரத்துக்கு விசையைக் கொண்டுசெல்லும் தண்டை) கடைசி வரிசைக்காரருக்குக் கொடுத்துவிட்டு, அதைப் பொருத்துவதற்கும் கூடவே படுத்துக்கொண்டார். அன்றிரவே பதிவு செய்தோம்.

முதலில் யார் ஓட்டுவது என்பதற்குச் சீட்டுக் குலுக்க நினைத்திருந்தோம். தேவைப்படவில்லை. திண்டைச் செருகிப் பொருத்துவதைவிட உருவி எடுப்பது சுலபம் என்பதால், நான்தான் முதலில் உட்கார வேண்டும். இறங்கும்போது திண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும்.