‘வெளியே போகிற பழக்கம் உண்டா?’ என்ற கேள்வி

மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவமனை ஒன்றில், எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில், நான் ஆற்றுப்படுத்துநராக, அதாவது ஆலோசகராக, சேர்ந்து இரண்டாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்று வந்த இளைஞர் ஒருவரை வெளிநோயாளர் பிரிவிலிருந்து எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். திருமணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன், ஆகிவிட்டது என்றார். ‘வெளியே போகிற பழக்கம் உண்டா?’ என்று கேட்டேன். ‘இல்லைங்க மேடம்’ என்றார். படிவத்தில் ஆபத்துக் குறைவு என்று குறித்தேன். பரிசோதனையிலும் தொற்று இல்லை என்று வந்தது. மகிழ்ச்சியாகச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. காசநோய் உறுதியாகி, உடல் பாதியாகக் குறைந்திருந்தது. பரிசோதனையில் தொற்று இருந்தது, உடலின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. பழைய படிவத்தைத் தேடி எடுத்து, அன்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டுத் தொனி இருந்ததை இப்போது உணர்கிறேன். அவர் கோபப்படாமல், ‘நீங்க பொம்பளைங்களைப் பத்தித்தானே மேடம் கேட்டீங்க?’ என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உறவு இருந்தது ஆண்களுடன். அதை ‘வெளியே போவது’ என்று அவர் வட்டாரத்தில் யாரும் சொல்வதில்லை; அந்தத் தொடர் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடம் போவதைத்தான் குறிக்கும்.

இன்று நான் ஆற்றுப்படுத்துநர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சியளிக்கிறேன். ஒவ்வொரு பயிற்சியையும் இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் தொடங்குகிறேன். எனக்குத் தரப்பட்ட பயிற்சி மோசமானதன்று. கிருமி எப்படிப் பெருகுகிறது, மூன்று துரிதப் பரிசோதனைகள் எதற்கு, தொற்று ஏற்பட்டும் பரிசோதனையில் தெரியாத இடைவெளிக் காலம் எவ்வளவு என்பதையெல்லாம் நன்றாகக் கற்றுத் தந்தார்கள். ஒரு மனிதரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு மட்டும் அரை மணி நேரமே கிடைத்தது.

நம் மாநிலத்துக்கு இந்தப் பணியில் நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். அப்போது தொற்று உறுதியானவர்கள் பாலியல் தொழில் செய்த பெண்கள். அந்த முதல் காட்சியே பல ஆண்டுகள் நம் மனத்தில் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்: ஒரு பக்கம் அந்தப் பெண்கள், மறுபக்கம் லாரி ஓட்டுநர்கள், நடுவில் வீட்டிலிருக்கும் மனைவி. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண் அந்தச் சித்திரத்தில் இல்லை. 1990-களின் இறுதியில் சென்னையில் சகோதரன் போன்ற அமைப்புகள் அவர்களிடையே வேலையைத் தொடங்கிவிட்டன. ஆனால் மருத்துவமனை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அந்த அறிவு வந்து சேரவில்லை. 2017-ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்புக் கணக்குப்படி, வயது வந்தோரில் தொற்று விகிதம் 0.22 சதவீதம்; ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களில் 2.69 சதவீதம். பன்னிரண்டு மடங்கு வேறுபாடு. இதைச் சொல்லும்போது பயிற்சிக்கு வந்திருப்பவர்களில் பலர், ‘எங்கள் மையத்துக்கு அப்படி யாரும் வருவதில்லையே’ என்பார்கள். வருகிறார்கள், கேட்கப்படாததால் தெரிவதில்லை.

பயிற்சியின் முதல் ஒரு மணி நேரத்தில் திரையோ கையேடோ கிடையாது. உடலுறுப்புகளின் பெயர்களையும் பாலுறவு முறைகளின் பெயர்களையும் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘ஆசனவாய்’ என்ற சொல் வரும்போதே பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். மருத்துவர்கள் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். ஆங்கிலம் அவர்களுடைய கூச்சத்தை மறைக்கிறது. எதிரில் இருப்பவருக்கோ அது புரிவதில்லை. நாம் சொல்லக் கூசும் சொல்லை அவர் சொல்லட்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்? இருபது முறை சொன்ன பிறகு அது வெறும் சொல்லாகிவிடுகிறது.

அதன் பிறகுதான் கேள்விக்கு வருகிறோம். நான் கற்றுத் தரும் கேள்வி இது: ‘இங்கே வருகிற எல்லாரிடமும் கேட்பதைத்தான் உங்களிடமும் கேட்கிறேன். நீங்கள் உறவு வைத்துக்கொள்வது ஆண்களோடா, பெண்களோடா, திருநரோடா, இல்லை எல்லாரோடுமா? சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடலாம். பிறகு எப்போது வேண்டுமானாலும் சொல்லலாம்.’ எல்லாரிடமும் கேட்பதாகச் சொல்வதற்காகவே உண்மையில் எல்லாரிடமும் கேட்க வேண்டும். நடையிலும் பேச்சிலும் பெண்மை தெரிகிறவரிடம் மட்டும் இதைக் கேட்கும் ஆற்றுப்படுத்துநர், ஒருவரை அவமதிக்கிறார். பத்துப் பேரைத் தவறவிடுகிறார். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே பெண்மைச் சாயல் உள்ளவரைக் குறிக்கும் கோத்தி, அவருடைய ஆண்மைச் சாயல் உள்ள துணையைக் குறிக்கும் பந்தி என்ற சொற்களைப் பயிற்சியில் விளக்குகிறோம். ஆனால் அவராக அப்படிச் சொல்லிக்கொள்ளாதவரை நாம் அந்தப் பெயரை அவர்மேல் ஒட்டக் கூடாது. ஆணோடு உறவுகொள்ளும் பலர் தம்மைத் தன்பாலீர்ப்பாளர் என்றே நினைப்பதில்லை. நமக்குத் தேவை அவர் என்ன செய்கிறார் என்பது. அவர் யார் என்பதை அவர்தாம் சொல்ல வேண்டும்.

எல்லாப் பயிற்சியிலும் நீண்ட விவாதத்தைக் கிளப்புவது ‘தம்பி’ என்ற சொல். நம் மருத்துவமனைகளில் இளைஞரைத் ‘தம்பி’ என்பதும், அவர் செவிலியரை ‘அக்கா’ என்பதும் இயல்பு. அதில் உள்ள பரிவை நான் மறுக்கவில்லை. ஆனால் அக்காவிடம் எந்தத் தம்பி தன் படுக்கையைப் பற்றிப் பேசுவான்? உறவுமுறைச் சொல் வந்த உடனேயே அந்தச் சிறிய அறைக்குள் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் குடும்பத்திடமிருந்து மறைக்கத்தான் அவர் இத்தனை ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறார். விழுப்புரத்தில் ஒரு மூத்த செவிலியர் இதைக் கடுமையாக எதிர்த்தார். ‘சார் என்று கூப்பிட்டால் கிராமத்துப் பையன் பயந்துபோவான்’ என்றார். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. என்ன பெயரில் கூப்பிடலாம் என்று வந்திருப்பவரிடமே கேட்டுவிடுவது என்று அன்று முடிவு செய்தோம். அது பயனளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, உடலைப் பற்றிய அறிவு. சிகிச்சை பெறாத தொற்றாளர் ஒருவருடன் ஆணுறையின்றிக் கொள்ளும் உறவில், ஆசனவாய் வழியாக உறவை ஏற்பவருக்கு ஒவ்வொரு 10,000 உறவுக்கும் ஏறத்தாழ 138 முறை தொற்று ஏற்படலாம். யோனி வழி உறவில் பெண்ணுக்கு அது 8 முறை. மலக்குடலின் உட்சவ்வு மிக மெல்லியது, எளிதில் சிராய்ப்பது, வழுவழுப்பைத் தானாகச் சுரக்காதது. ஆகவே ஆணுறையைக் கையில் கொடுத்தால் வேலை முடிந்துவிடாது. உடன் எதைத் தடவிக்கொள்கிறார் என்று கேட்க வேண்டும். நம் ஊரில் பதில் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான். அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடையில் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் எதுவானாலும் ரப்பர் ஆணுறையை வலுவிழக்கச் செய்து கிழியவைத்துவிடும். ஒவ்வொரு முறையும் ஆணுறை அணிந்தும் தொற்றுக்கு ஆளானவர்களை நான் சந்தித்திருக்கிறேன். நீரில் கரையும் வழுவழுப்புக் களிம்பைப் பற்றி அவர்களுக்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதேபோல, பால்வினை நோய்களுக்காக அரசு தரும் சாம்பல் நிற மருந்துப் பொட்டலம், சிறுநீர்த்தாரைக் கசிவுக்கு மட்டுமல்லாமல் ஆசனவாய்க் கசிவுக்கும் உரியது. அதை மருத்துவர்களிடம் நினைவூட்ட வேண்டியிருக்கிறது; ஏனென்றால் அந்த இடத்தைப் பரிசோதிக்கும் வழக்கமே பலரிடம் இல்லை.

மருந்துகளைப் பற்றி நல்ல செய்திகள் நிறைய உள்ளன. அவற்றைச் சொல்லாமல் விடுவது அநீதி. தொற்று ஏற்பட்டிருக்கலாம் என்ற அச்சத்தோடு ஒருவர் ஓடிவந்தால், 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்கி 28 நாள் எடுத்துக்கொள்ளலாம். முன்கூட்டியே தினமும் உட்கொள்ளும் தடுப்பு மாத்திரை இருக்கிறது. 2019-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், ஒருவருக்குத் தொற்று இருந்த 782 ஆண் இணைகளைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்தால் கிருமி அளவு கட்டுக்குள் இருந்தவரிடமிருந்து துணைக்கு ஒரு முறைகூடத் தொற்றவில்லை. இதைக் கேட்டதும் பயிற்சி அறையில் எழும் அமைதியை விவரிப்பது கடினம். ஆண்டுக்கணக்காக ‘உறவே வேண்டாம்’ என்று போதித்து வந்தவர்கள் அவர்கள்.

திருமணம் பற்றிய பேச்சுக்கு நான் மிகுந்த நேரம் ஒதுக்குகிறேன். தொற்று உறுதியானவருக்கு மனைவி இருந்தால், பயிற்சிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மனைவியின் பக்கம் சாய்ந்து கொதிப்பார்கள். அந்தக் கொதிப்பு எனக்கும் உண்டு. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாகக் கருதிய 377-ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியது. நான்கே நாளில், செப்டம்பர் 10 அன்று, 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் நடைமுறைக்கு வந்தது. துணைக்கு நாமாகத் தெரிவிப்பதற்கு அச்சட்டம் நிபந்தனைகளை வகுத்திருக்கிறது: துணைக்குக் கணிசமான ஆபத்து உண்டென்று நியாயமாக நம்ப வேண்டும், அவரே சொல்லும்படி ஆலோசனை தந்திருக்க வேண்டும், அவர் சொல்லப்போவதில்லை என்று தெரிய வேண்டும், நாம் சொல்லப்போவதை அவரிடம் முன்பே அறிவிக்க வேண்டும். மனைவிக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் கிடைக்க வேண்டும். அதில் சமரசமே இல்லை. ஆனால் தொற்று எந்த வழியில் வந்தது என்பதை மனைவியிடம் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்று நான் உறுதியாகக் கற்பிக்கிறேன். ஒன்றைச் சொல்லும்போது இன்னொன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்ட ஓர் ஊழியரால் ஒருவர் ஊரைவிட்டே போக நேர்ந்தது. அவர் சிகிச்சைக்கு மீண்டும் வரவேயில்லை.

‘எங்கள் வளர்ப்பு அப்படி, மனம் ஏற்க மறுக்கிறது’ என்று சிலர் வெளிப்படையாகச் சொல்வார்கள். அவர்களுக்கு நான் 2021-ஆம் ஆண்டின் சென்னை உயர் நீதிமன்ற வழக்கைச் சொல்கிறேன். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு வந்தபோது, நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இதைப் பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகுதான் ஜூன் 7 அன்று விரிவான ஆணை பிறப்பித்தார். பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’களைத் தடுத்த அந்த ஆணை, மருத்துவப் பணியாளர்களுக்கும் விழிப்புணர்வுப் பயிற்சி வேண்டும் என்றது.

அடுத்த மாதம் தருமபுரியில் பயிற்சி. இந்த முறை ஆற்றுப்படுத்துநர்களோடு பதிவு மேசை ஊழியர்களையும் ஆய்வக நுட்பநர்களையும் முதல் நாள் முழுவதும் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். ஆற்றுப்படுத்துநரின் அறைக்குள் வருவதற்கு முன் ஒருவர் கடக்க வேண்டியது அவர்களுடைய பார்வையைத்தான். அங்கேயே திரும்பிப் போய்விட்டவர்கள் எத்தனை பேர் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்னும் ஒப்புதல் வரவில்லை. நாளை மீண்டும் தொலைபேசியில் கேட்க வேண்டும்.