புளி போட்டுத் தேய்த்த விக்டோரியா ரூபாய்

ஆச்சியின் தகரப் பெட்டியிலிருந்து கிடைத்தவை இரண்டு வெள்ளி ரூபாய்கள். இரண்டிலும் விக்டோரியா ராணி, இரண்டிலும் 1862. எனக்கொன்று, தங்கைக்கொன்று என்று ஆச்சி சொல்லிவிட்டாள். எது எவ்வளவு பெறும் என்று பார்த்துப் பிரிக்கலாம் என்று நான்தான் பெரிய மனுஷனாகப் பொறுப்பெடுத்தேன். காட்டப் போகும்போது பளிச்சென்று இருக்கட்டுமே என்று ஒன்றைப் புளியும் விபூதியும் போட்டு நன்றாகத் தேய்த்தேன். இரண்டாவதற்குப் புளி பத்தவில்லை. என் வீட்டில் புளி தீர்ந்துபோனதற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

முதல் பயணம் வீண். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறித் திருநெல்வேலி டவுனுக்குப் போனால் ஆனித் தேரோட்டம். உள்ளூர் விடுமுறை, ரத வீதி முழுக்கத் தலைகள். ஊர்க்காரன் இதை மறந்தான் என்று வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கடை. நான் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரர் தேய்த்த காசை எடுத்து உரைகல்லில் விளிம்பை வைத்து ஒரே இழுப்பு! “அண்ணாச்சி, அது பழைய காசு” என்றேன். “அதான் தம்பி, சரக்கு சுத்தமான்னு பாக்கணும்லா” என்றார். விளிம்பு வரிகள் நெல்மணி அகலத்துக்கு மழுங்கி, அந்த இடம் மட்டும் புதுசாக மின்னியது. அப்புறம் தராசில் போட்டுப் பழைய வெள்ளி விலை சொன்னார். எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, அவருக்கு அது எடைக்கு வாங்கும் வெள்ளி. நகைக்கடையில் காட்டுவதென்றால் “உரசாதீங்க” என்று முதலில் சொல்லிவிட்டு அப்புறம் பையைத் திறங்கள்.

கடைசியில் வழிகாட்டியவர் பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். நாற்பது வருஷமாகக் காசு சேர்க்கிறவர். தேய்த்த காசைப் பார்த்ததுமே, “என்ன தம்பி, இப்படிப் பண்ணி வச்சிருக்கீரு?” என்றார். கருப்பு என்பது அழுக்கில்லையாம். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிகிற படலம். அதனால் தரம் குறையாது. சில சமயம் அதற்காகவே கூடுதல் விலை கொடுக்கிறவர்களும் உண்டு. புளியும் விபூதியும் அந்தப் படலத்தோடு காசின் தோலையும் உரித்துவிடும்.

அவர் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டு ஒற்றை மேசை விளக்கைப் போட்டார். காசை விளிம்பில் பிடித்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துக் காட்டினார். ராணியின் முகத்துக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தில் முடி முடியாகக் கீறல்கள், எல்லாம் நான் தேய்த்த திசையிலேயே. பகல் வெளிச்சத்தில் நான் இதைப் பார்க்கவே இல்லை.

அவர் சொன்ன முறை எனக்குப் பிடித்திருந்தது. தேய்மானத்தை முதலில் பார், காயத்தைப் பிறகு பார், இரண்டையும் கலக்காதே. தேய்மானத்துக்குக் காதருகே முடி இழைகள், கிரீடம், மேலாடையின் பூவேலை என்று மேடான இடங்களைப் பார்க்க வேண்டும். என் காசில் முடி இழை பாதி தெரிந்தது, பூவேலை மங்கல். இது வி.எஃப். (வெரி ஃபைன்) என்றார், அதாவது 70 வரை போகும் அளவுகோலில் 20-லிருந்து 35-க்குள். ஆனால் தேய்த்த காசுக்கும் அடிபட்ட காசுக்கும் தரச்சான்று நிறுவனங்கள் வழக்கமாக எண் கொடுப்பதில்லை. ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதிக் காரணத்தையும் போட்டுவிடுவார்கள்.

காரணம் என் காசில் ஒன்றோடு நிற்கவில்லை. ராணியின் தலைக்கு நேர் மேலே, விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பற்றுவைப்பு, பக்கத்தில் அரத்தால் ராவிய வரிகள். யாரோ வளையம் வைத்துக் கழுத்தில் போட்டுப் பிறகு கழற்றியிருக்கிறார்கள். எடை 11.52 கிராம். நாணயச்சாலையில் அடித்தபோது 11.66. “பரவாயில்லையே, கொஞ்சந்தானே குறையுது” என்றேன். தேய்ந்து போன எடையைப் பற்றுவைப்பு ஈடுகட்டியிருக்கும், எடையை மட்டும் நம்பாதே என்றார்.

1862 என்றதும் நான் வேறு கோட்டை கட்டியிருந்தேன். அதையும் இடித்தார். அதே ஆண்டைப் போட்டுப் பிறகும் பல வருஷம் அடித்தார்கள், காசு ஏராளம், அதனால் நிலைமைதான் விலை. எது எந்த வருஷத்தது என்று மறுபக்கத்துச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் ஆராய்கிறார்கள்.

கருத்த காசுக்கு இரண்டு நிமிஷம்தான் ஆனது. கழுத்தருகே பிறைபோல ஒரு சிறு குத்து, அந்தக் காலத்துச் சராப்புக்காரர், அதாவது காசு மாற்றுகிறவர், வெள்ளியைச் சோதித்த அடையாளம். அதுவும் குறைதான், ஆனால் கீறல் இல்லை, வளையத் தடயம் இல்லை, கருப்புக்கு அடியில் முடி இழை எண்ணும்படி இருந்தது. வி.எஃப்.பில் மேல்பக்கம் என்றார்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் இரண்டையும் கொண்டுபோய் அங்கே தரச்சான்று வாங்கித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். நூறு வயது தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரும், அரசு அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் தங்கை ஒரு வார்த்தை பேசாமல் கருத்ததை எடுத்துக்கொண்டாள். ஆச்சிக்கு அதுவே வருத்தம்: “பாவம், அவளுக்குக் கருத்ததைக் குடுத்துட்டியேலே.” என்னுடையதைக் காகித உறையில் போட்டு மேலே எழுதி வைத்திருக்கிறேன்: வி.எஃப்., தேய்த்தது, வளையம் எடுத்தது, உரைகல் பட்டது, 11.52.