ஏழு நாடு வேண்டாம், ரோம் போதும்

மும்பை முலுண்டில் எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் யார் ஐரோப்பா கிளம்பினாலும் முதலில் வரும் கேள்வி, "எத்தனை நாடு?" பத்தே நாளில் ஏழு நாடு பார்த்துவிட்டு வந்தவர்கள் இங்கே உண்டு. எதை எங்கே பார்த்தோம் என்பதை போட்டோவைப் பார்த்துத்தான் சொல்வார்கள். நாங்கள் கோடை லீவில் ஒரு வாரம் போகிறோம், ரோம் மட்டும் என்றதும் மூன்றாவது மாடி மாமிக்குத் தாங்கவில்லை. "அவ்ளோ டிக்கெட் காசு குடுத்து ஒரே ஊரா?"

ஒரே ஊர்தான் மாமி. அப்பாவுக்கு எழுபத்து நாலு வயது, முழங்கால் வலி. தினம் காலையில் பெட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏற அவரால் முடியாது. இன்னொன்று, அவர் பார்க்க ஆசைப்படுவது ஒரே ஒரு கட்டடம்.

அப்பா சிவில் இன்ஜினியர். பாலம், சாலை என்று மகாராஷ்டிரா முழுக்கச் சுற்றி ரிட்டையர் ஆனவர். "ஐரோப்பாவுல என்னப்பா பாக்கணும்?" என்று கேட்டபோது ஈஃபில் டவர் என்பார் என்று நினைத்தேன். "பாந்தியன்" என்றார். பேரனை உட்கார வைத்து, காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். ரோமில், பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 126-இல் முடிந்த கோயில். மேலே 43 மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் குவிமாடம், உள்ளே ஒரு கம்பி கூடக் கிடையாது. கம்பி போடாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகத்திலேயே பெரியது அதுதான். எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்திருக்கிறார்கள். கீழே கனமான கல் ஜல்லி, மேலே போகப் போக லேசான எரிமலைக் கல். குவிமாடமும் அடியில் ஆறு மீட்டருக்கு மேல் தடிமன், உச்சியில் ஒரு மீட்டர் சொச்சம். உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு, மூடியே இல்லை. "மழை பெஞ்சா?" என்றான் பையன். "உள்ளதான் பெய்யும். தரையில ஓட்டை வெச்சிருக்கான், வடிஞ்சிடும்" என்றார் அப்பா, ஏதோ தானே சைட்டில் நின்று போடச் சொன்ன மாதிரி.

609-ஆம் ஆண்டிலிருந்து அது தேவாலயம். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பூசை முடியும் நேரம் தீயணைப்புப் படையினர் கூரை மேல் ஏறி, அந்தத் திறப்பு வழியாகச் சிவப்பு ரோஜா இதழ்களைக் கொட்டுவார்கள் என்று படித்தேன். ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் ஞாயிறு அது, 2026-இல் மே 24. பள்ளி திறப்பது ஜூன் நடுவில்தான். அதனால் அந்த ஞாயிறை நடுவில் வைத்தே பயணத் தேதியைப் போட்டேன். கூட்டம் அள்ளுமாம். உள்ளே இடம் கிடைக்காவிட்டால் மறுநாள் டிக்கெட் எடுத்து நிதானமாகப் போவோம். 2023 முதல் அங்கே கட்டணம் உண்டு. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு இலவசம்.

தேதி சுலபமாக அமைந்துவிட்டது. படுத்தி எடுத்தது விசா ஃபாரம். குறிப்பாக அதில் இருக்கும் 'சர்நேம்' கட்டம். மும்பையில் பிறந்து வளர்ந்தும் எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் சர்நேம் அவருடைய அப்பா பெயர். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். என் கணவருக்கு என் மாமனார் பெயர். பையனுக்கு இவர் பெயர். நாலு பேர், நாலு சர்நேம். பக்கத்து வீட்டு ஷாக்கள் ஆறு பேருக்கும் ஷா, ஒரு கேள்வி வராது. நாங்கள் ஒரே குடும்பம்தான் என்று காட்ட கல்யாண சர்டிஃபிகேட், பையனின் பிறப்புச் சான்றிதழ், என் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் சேர்த்து, யார் யாருக்கு என்ன உறவு என்று கவரிங் லெட்டரில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். விமான டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற வரிசையிலேயே பெயர் இருக்க வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு தடவை பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

மற்றபடி, ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான இந்த ஷெங்கன் விசா நேரடியான வேலைதான். கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி நேரம் பதினைந்து நாள். பெரியவர்களுக்கு 90 யூரோ. பையனுக்குப் பன்னிரண்டு தாண்டிவிட்டதால் அவனுக்கும் அதே. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். அப்பா வயதுக்கு பிரீமியம் கூடுதல், அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. ஹோட்டலை, ரத்து செய்தால் பணம் திரும்ப வருகிற மாதிரி போட்டிருக்கிறேன்.

ஹோட்டல் தேடியதில் தெரிந்தது, பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும் என்று நம்பக் கூடாது. டிராஸ்டவெரே பகுதியில் ஒரு வீடு, மாடத்தில் செடி, படத்தில் அத்தனை அழகு. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. ராத்திரியெல்லாம் தெருவில் கச்சேரி என்று வேறு விமர்சனங்களில் திட்டியிருந்தார்கள். கடைசியில் வாத்திகனுக்குப் பக்கத்தில் பிராத்தி பகுதியில் எடுத்தோம். தெருக்கள் அகலம், மெட்ரோ பக்கம். பழைய ஊருக்குள் கருங்கல் பாவிய தெருக்கள், கல்லுக்குக் கல் இடைவெளி. அப்பாவுக்கு இப்போதே ஷூ வாங்கிக் கொடுத்து, தினமும் காலையில் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்.

மே கடைசியில் அங்கே வெயில் முலுண்டை விடக் குறைவுதான். ஜூலை, ஆகஸ்டில்தான் முப்பது டிகிரியைத் தாண்டும். ஆனால் பழைய ரோமின் இடிபாடுகள் இருக்கும் ஃபோரம், பாலடைன் குன்று இரண்டிலும் பெரும்பாலும் ஒதுங்க நிழல் இல்லை. அதனால் காலையில் திறந்ததும் அங்கே, மத்தியானம் ரூமில் தூக்கம், சாயங்காலம் மறுபடி வெளியே. இருட்ட எட்டரை மணி ஆகிவிடும் என்பதால் நேரம் நிறைய இருக்கிறது. ஒரே சிக்கல் சாப்பாடு. அங்கே பல கடைகளில் ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குத்தான் தொடங்கும். அப்பா ஏழு மணிக்குத் தட்டு முன்னால் உட்காருகிறவர்.

ஃபோரத்தில் எனக்கென்று ஒரு இடம் குறித்து வைத்திருக்கிறேன். பேரரசர் மேக்சென்ஷியஸ் கட்டத் தொடங்கிய பெரிய மண்டபத்தின் அடியில், முதல் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் காலத்தில் எழுப்பிய கிடங்கு ஒன்று இருந்தது. மிளகும் வாசனைச் சரக்கும் வைக்கும் கிடங்கு. மிளகுக்கென்று ஊர் நடுவில், அரசாங்கச் செலவில் ஒரு குடோன்! யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக முசிறியைப் பற்றிச் சங்கப் பாட்டில் படித்தோமே, அந்த மூட்டைகள் செங்கடல், எகிப்து வழியாகப் போய் இறங்கிய இடங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும். அந்த ஊரில் மிளகும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்டு ஒரு பாஸ்தா பிரபலம். ஆனால் அதில் போடும் பெக்கொரினோ சீஸை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால்தான் உறைய வைக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து அப்பா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அவருக்கு மரினாரா பீட்சா: தக்காளி, பூண்டு, எண்ணெய், அவ்வளவுதான். சீஸும் இல்லை, பெயரில் கடல் வாசனை அடித்தாலும் மீனும் இல்லை. பருப்புப் பொடி டப்பா எப்படியும் பெட்டியில் ஏறும்.

தண்ணீருக்குக் கவலையில்லை. தெருவோரம் ராத்திரி பகலாக ஓடும் இரும்புக் குழாய்கள் ஊர் முழுக்க இருக்கின்றன, 1874-இல் வைக்க ஆரம்பித்தவை. குடிக்கிற தண்ணீர். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மூக்கின் மேல்பக்கம் இருக்கிற சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி எழும்பும், குனியாமல் குடிக்கலாம். பையன் இதை வீடியோவில் பத்து தடவை பார்த்துவிட்டான். கொலோசியத்தைக் கூட அவ்வளவு பார்க்கவில்லை.

கொலோசிய டிக்கெட் அவன் பொறுப்பு. ஒரு மாதம் முன்புதான் விற்பனை திறக்கும், அரங்கின் அடித்தளம் பார்க்கும் டிக்கெட் தட்கல் மாதிரி கண் இமைக்குமுன் காலியாகிவிடும். டிக்கெட்டில் பெயரும் பாஸ்போர்ட்டும் பொருந்த வேண்டும். மறுபடி அந்த நாலு சர்நேம்.

இன்னும் முடிவாகாதது ஒரு காலை நேரம்தான். நகருக்குத் தெற்கே மெட்ரோவில் போகிற தூரத்தில் ஒரு பூங்கா, கி.பி. 52-இல் பேரரசர் கிளாடியஸ் முடித்த நீர்ப்பாலத்தின் வளைவுகள் அங்கே வரிசையாக நிற்கின்றன. அப்பாவுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும். இவருக்குக் கடைத்தெரு. பையனுக்கு ரூமில் தூக்கம். "நம்ம ஊர்லயே தான்சா பைப்லைன் ஓடுது தாத்தா, அதுவும் தண்ணிதானே?" என்கிறான். தாத்தா ஒரு வாரமாக பதில் தயாரித்துக்கொண்டிருக்கிறார், இந்தத் தடவை மூன்று பக்கப் படத்தோடு.