தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கழிந்த வாரம்

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. முதல் நாள் லேசான காய்ச்சல், சோர்வு, அவ்வளவுதான். மறுநாள் காலை, தானே கேட்டு வாங்கிய பாலை ஒரு வாய் உறிஞ்சியவள் வீறிட்டு அழுது டம்ளரைத் தள்ளிவிட்டாள். எச்சில் ஒழுகிச் சட்டைக் கழுத்து நனைந்துகொண்டே இருந்தது. கடைவாய்ப்பல் முளைக்கிறது என்று நினைத்துவிட்டேன். மாலையில் கால் கழுவிவிடும்போதுதான் உள்ளங்காலில் சிவப்புப் புள்ளிகள் கண்ணில் பட்டன. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தால் நாக்கின் ஓரமெல்லாம் புண்.

அம்மையோ என்று பயந்து ஓடினேன். மருத்துவர் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்ததுமே "கை, கால், வாய் நோய்" என்றார். சின்னம்மைக் கொப்புளங்கள் பெரும்பாலும் மார்பு, முதுகு, முகத்தில் தொடங்கி அரிக்கும். இது உள்ளங்கை, உள்ளங்கால், வாய், பிட்டம் என்று இடம் பிடிக்கும். பெரும்பாலும் காக்சாக்கி வகை வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் பயன்படாது, 7 முதல் 10 நாளில் தானாக அடங்கிவிடும்.

"சாப்பாட்டைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். நீர் உள்ளே போகிறதா, சிறுநீர் வெளியே வருகிறதா, அதைப் பாருங்கள்" என்றார் மருத்துவர். அந்த வாரம் முழுவதும் என் வேலை அது ஒன்றுதான். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து, குளிர்ந்த பாலைத் தேக்கரண்டியால் கன்னத்தோரமாக விடுவேன். உதட்டை இறுக்கிக்கொள்வாள், கண் நிறையும், பிறகு கொஞ்சம் திறப்பாள். புளிப்பான பழச்சாறு கொடுத்தது என் தவறு. புண்ணில் பட்டுத் துடித்துப்போனாள். எட்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, ஓயாத வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், தூக்கத்தில் திடுக்கிட்டுத் தூக்கிப்போடுவது என்று எதைக் கண்டாலும் உடனே வரச் சொல்லியிருந்தார்.

கைக்கு சானிடைசர் போதும் என்றிருந்தேன். இந்த வைரஸுக்கு அதை நம்ப முடியாது, சோப்பு போட்டுத்தான் கழுவ வேண்டும். கொப்புளம் காய்ந்த பிறகும் மலத்தில் வைரஸ் சில வாரங்கள் வெளிவரும் என்பதால், டயப்பர் மாற்றிய ஒவ்வொரு முறையும் கழுவினேன். அப்படியும் ஐந்தாம் நாள் என் கணவருக்குத் தொண்டையில் புண் வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து அவள் கட்டைவிரல் நகம் அடியிலிருந்து பெயர்ந்து வந்தது. பதறிவிட்டேன். இந்த நோய்க்குப் பின் சிலருக்கு அப்படி ஆகுமாம், வலியும் இல்லை. இப்போது அடியில் புது நகம் பாதி வளர்ந்துவிட்டது.