இரண்டாம் பாகம் எடுக்கிறோம்

ஜூலை 5
எங்கள் படத்தின் முதல் பாகத்தில், மலாயாத் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் கங்காணியின் மகன் நேதாஜியின் ஐஎன்ஏவில் (இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்து, தோளில் பட்டை குத்திக்கொண்டு பர்மாவுக்குப் போனான். இப்போது பினாங்குக்குத் திரும்புகிறான், பின்வாங்கும்போது தன் ஆட்களை விட்டு ஓடிய அதிகாரியாக. ஐஎன்ஏ அதிகாரிகள் மேல் டில்லிச் செங்கோட்டையில் நடந்த விசாரணையை வைப்போம் என்கிறான் நண்பன். அது வேறு கதைடா. 1945 நவம்பரில் அங்கே நின்ற ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவரும் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஏற்கெனவே அதிகாரிகள். தீவாந்தரத் தண்டனை விழுந்தது. மறு ஜனவரியில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அதை நீக்கி, வேலையையும் சம்பள பாக்கியையும் மட்டும் பறித்தார். நம்ம ஆள் தோட்டத்துப் பிள்ளை. பறிக்க வேலையும் இல்லை, விசாரிக்க ஆளும் இல்லை.

ஜூலை 9
அப்படியானால் அவமானம் எங்கே? அவன் பர்மாவுக்குக் கூட்டிப்போன பையனின் அம்மா வீட்டு வாசலில். அரைப் பக்கம் ஏச்சு வசனம் எழுதினேன். எனக்கே பிடித்திருந்தது.

ஜூலை 12
அம்மாவாக நடிக்கப் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்டோம். ஜப்பான்காரன் காலத்தில் சின்னப் பிள்ளை. அப்போது ஜப்பான்காரன் அடித்த, வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டை நகலெடுத்து நீட்டினேன். திருப்பிப் பார்த்துவிட்டு, “சண்டை முடிஞ்சதும் இதை வச்சுத்தான் விளையாடினோம்” என்றார்.

வசனத்தைப் படித்துக் காட்டினேன். “இப்படியெல்லாம் யாரும் ஏச மாட்டாங்கய்யா. ஜப்பான்காரனோட சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய் வந்தவங்ககிட்டயே ஒண்ணும் கேக்க மாட்டோம். கேட்டா சொல்லிடுவாங்களே.”

சரி, அரைப் பக்கம் போச்சு.

ஜூலை 20
பினாங்குக்கு எதிர்க்கரையில், செபராங் பிறையில் ஒரு பழைய லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) படப்பிடிப்பு. ஒரே வெக்கை. கப்பல் துறைக் காட்சியைக் காசில்லாததால் விட்டாயிற்று. அவன் நேராக வாசலுக்கே வருகிறான்.

பாட்டி மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. அவித்து வைத்திருந்த ஒரு துண்டைப் பிளந்து, நடுவில் இருந்த நாரை இழுத்துப் போட்டு, தட்டில் வைத்துத் தள்ளினார்.

“பசியாறு.”

இது நான் எழுதியதில்லை. அவன் தட்டைத் தொடவில்லை. பாட்டி எழுந்து வாசலுக்குப் போய், அவன் வந்த பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வந்து அடுத்த கிழங்கை எடுத்தார்.

பின்னால் ஒரு மோட்டார் சத்தம் விழுந்திருக்கிறது. 1945இல் ஹோண்டா! நண்பன் இன்னொரு டேக் கேட்டான். முடியாது என்றேன். சத்தத்தை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்கிறோம்.