தொழில் என் பேரில், வீடு அவர் பேரில்

பெரம்பூரில் வாடகை வீட்டில் இருந்தபடியே சாம்பார்ப்பொடி, இட்லிப்பொடி செய்து விற்கிறேன். சிறுதொழில்களுக்காக மத்திய அரசுத் திட்டத்தில் வங்கி தரும் முத்ரா கடன் எப்படி வாங்கினாய் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவைக்கிறேன்.

ஆன்லைன் வேலை எளிது. சிறுதொழிலை அரசிடம் பதியும் உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் கார்டும் போதும். (இதற்குப் பணம் கேட்கும் கடைகள் உண்டு, கொடுக்காதீர்கள்.) உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு, நான் எடுத்த 2023-ல், ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் வருடத்துக்கு 100 ரூபாய்தான். சிக்கல் முகவரிச் சான்றில் வந்தது. வாடகை ஒப்பந்தம் கணவர் பேரில். ஈ.பி. கார்டு ஹவுஸ் ஓனர் பேரில். அந்த வீட்டில் என் பேரில் இருந்தது கேஸ் புத்தகம் மட்டும்தான்.

ஓனர் அம்மாவிடம் சம்மதக் கடிதம் கேட்டேன். "மிளகாய் வறுத்தா மாடி வரைக்கும் நெடி வருது. நாளைக்கு ஈ.பி.யில கமர்ஷியல்னு ரேட்டை மாத்திட்டா யாரும்மா கட்டறது?" என்றார். நியாயமான கேள்விதான். அரைப்பதை மில்லில் வைத்துக்கொள்கிறேன், வறுப்பதை மதியத்தோடு முடித்துவிடுகிறேன் என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது வங்கி. சீசனில் மிளகாய், தனியாவை மொத்தமாக வாங்கிப்போடவும் பாக்கெட் ஒட்டும் மெஷினுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்டேன். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்கள். முத்ராவுக்கு ஈடு வேண்டாம். கணவர் கையெழுத்து வேண்டும் என்றும் திட்டத்தில் இல்லை. எங்கள் தெருவில் டெய்லர் கடை வைத்திருக்கும் தம்பி அதே கிளையில்தான் வாங்கினார். அவரிடம் யாரும் மனைவியைக் கூட்டிவரச் சொல்லவில்லை. என் கணவர் வரமாட்டேன் என்கிறவர் இல்லை. ஆனால் பைக் லோன் தவணை தவறி கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் அவருக்குக் கீழே கிடந்தது. அவர் சேர்ந்தால் என் மனுவும் படுத்துவிடும்! மனுவைத் தனியாகத்தான் தருவேன் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் ஸ்டேட்மென்ட் கேட்டார்கள். அதுவரை வாடிக்கையாளர்கள் ஜிபேயில் போட்டதெல்லாம் கணவர் கணக்குக்குப் போயிருந்தது, கியூஆர் அட்டை அவர் நம்பரில் எடுத்தது. ஊரே என் பொடியைச் சாப்பிட்டாலும் வங்கியின் கண்ணுக்கு என் விற்பனை பூஜ்யம். கடைசியில் முத்ராவின் ஆகக் குறைந்த பிரிவான சிசுவில் 50,000 மட்டும் கிடைத்தது. அந்தப் பிரிவின் உச்சவரம்பே அவ்வளவுதான். தொழில் தொடங்கும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: முதல் பாக்கெட் விற்கும் முன் உங்கள் பேரில் கணக்கு, உங்கள் பேரில் கியூஆர்.

எந்தச் சான்றிதழும் உதவாத இடம் ஒன்று உண்டு. போனில் சிலர் "எந்த ஊர், எந்தத் தெரு, வீட்ல அசைவம் உண்டா" என்று சுற்றி வருவார்கள். என்ன கேட்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாக்கெட்டில் அச்சிட்ட 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொள்வேன். சிலர் திரும்பக் கூப்பிடுவதில்லை, போகட்டும்.

சிசு கடன் முடிந்துவிட்டது. இப்போது என் கணக்கில் வரவு தெரிவதால் அதற்கு அடுத்த கிஷோர் பிரிவில் கேட்கப்போகிறேன். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது என் பேரையும் சேர்க்கச் சொன்னேன். ஓனர் அம்மா ஐந்நூறு ரூபாய் வாடகை ஏற்றிவிட்டுச் சரி என்றார்.