அம்மாவின் ‘காஸ்ட்ரிக்’ பித்தப்பைக் கல் ஆன கதை

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்கு வயிறு வலித்தாலும் நோயின் பெயர் ஒன்றுதான், காஸ்ட்ரிக் (இரைப்பைக் கோளாறு). பசியாறாமல் பால் மரம் (ரப்பர்) வெட்டப் போன காலத்தில் பிடித்துக்கொண்டது என்று பெரியவர்கள் காரணமும் சொல்லிவிடுவார்கள். என் அம்மாவுக்கும் ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பெயரிலேயே வண்டி ஓடியது. கடைசியில் பார்த்தால் பித்தப்பையில் கல். நம் வீடுகளில் ஐம்பதைத் தாண்டிய, இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உள்ள அம்மாக்கள் நிறைய பேர் இருப்பதால், அது எப்படித் தெரிந்தது என்பதை எழுதி வைக்கிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. வலி தினமும் வராது. கோயில் திருவிழா, கல்யாணம், யார் வீட்டிலாவது ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்று எண்ணெய் கூடுதலாக உள்ளே போன இரவில்தான் வரும். மேல்வயிற்றில் தொடங்கி வலது விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். முதுகில், வலது தோள்பட்டைக்குக் கீழே குத்துகிறது என்பார். கோடாலித் தைலம் தேய்த்துவிட்டுப் படுத்தால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரத்தில் விட்டுவிடும். தைலம் கேட்டது என்று அம்மா நம்பினார். பித்தப்பையின் வாயில் அடைத்த கல் நகர்ந்துவிட்டால் வலி தானாக நிற்கும், தைலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். அதுவரை டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் ஊசியும் வயிற்று மாத்திரையும்தான். அங்கே ஒரு தடவைகூட அம்மாவைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

தீபாவளி முடிந்த வாரம் வந்த வலி விடியும்வரை நிற்கவில்லை. வாந்தி வேறு. காலையில் காடியில் ஏற்றி மாவட்ட மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம். பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). ஓரளவு அவசரமானவர்களுக்கான மஞ்சள் ஸோனில் உட்கார வைத்ததும் முதலில் எடுத்தது இசிஜி. வயிற்று வலிக்கு எதற்கு நெஞ்சைப் பார்க்கிறார்கள் என்று அம்மா முறைத்தார். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு, அதுவும் பெண்களுக்கு, மாரடைப்பு சில சமயம் மேல்வயிற்று வலியாகவும் வாந்தியாகவும்தான் வருமாம். அதனால் அதை முதலில் விலக்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்களாம்.

அடுத்தது கேள்விகள். “எங்க வலிக்குது?” என்றால் அம்மா “வயிறு பூரா” என்பார். “ஒரு விரலால காட்டுங்க” என்றதும் விரல் நேராக வலது விலாவுக்குக் கீழே போய் நின்றது. எப்போது தொடங்கியது, கடைசியாக என்ன சாப்பிட்டார், விட்டு விட்டு வருகிறதா, எங்கேயாவது பரவுகிறதா, வாந்தி என்ன நிறம், காற்று பிரிகிறதா, சிறுநீர் என்ன நிறம், குளிர் நடுக்கம் உண்டா. எம்ஏ (மருத்துவ உதவியாளர்) கேட்டார், ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) கேட்டார், அப்புறம் எம்ஓ (மருத்துவ அதிகாரி) வந்து மறுபடி முதலிலிருந்து கேட்டார். “எத்தன தடவ சொல்றது, எழுதி வச்சிக்க மாட்டாங்களா?” என்று அம்மாவுக்குக் கோபம். ஆனால் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது, ஒவ்வொரு தடவையும் பதில் கொஞ்சம் மாறியது. முதலில் காலையிலிருந்து வலி என்றவர், மூன்றாம் முறை முந்தின நாள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகே தொடங்கியதாகச் சொன்னார். அந்த மணிக்கணக்கு முக்கியம். வெறும் கல் வலி சில மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆறு மணி நேரத்தைத் தாண்டி நின்றால், கூடவே காய்ச்சலும் வந்தால், பித்தப்பை வீங்கி அழன்றுவிட்டதா என்று சந்தேகப்படுவார்கள்.

முட்டி வலிக்கு மாத்திரை, ஜாமு (மலாய் நாட்டு மருந்து) ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் மலாயில் கேட்டார். இல்லை என்று அம்மா தலையாட்டினார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் ஒரு தமிழ் மிஸ்ஸி (நர்ஸ்) மெதுவாக, “அம்மா, பாசார் மாலாம்ல (இரவுச் சந்தை) விக்கிற மாத்திர ஏதும் போடறீங்களாம்மா?” என்றார். அம்மா கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினார். உள்ளே பெயரே இல்லாத மஞ்சள் மாத்திரைகள். எனக்கே அப்போதுதான் தெரியும். இப்படிப்பட்ட வலி மாத்திரைகள் இரைப்பையில் புண் உண்டாக்கும், சில பேருக்கு அந்தப் புண் ஓட்டையே ஆகிவிடும். அப்படி ஓட்டை விழுந்தால் கத்தியால் குத்தியது போலத் திடீரென்று வலிக்கும், வயிறு பலகையாக இறுகிவிடும், ஆளால் அசையவே முடியாது. அதைப் பார்க்கத்தான் அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓட்டை இருந்தால் வெளியேறிய காற்று உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே கறுப்பாகத் தெரியுமாம். அம்மாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது கையால் செய்த பரிசோதனைதான். எம்ஓ வலது விலாவுக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு, “மூச்ச நல்லா இழுங்கம்மா” என்றார். பாதி இழுக்கும்போதே அம்மாவுக்கு மூச்சு நின்றுபோய் முகம் சுருங்கியது. இடது பக்கம் அதே மாதிரி அழுத்தியபோது ஒன்றும் ஆகவில்லை. சிக்காகோவில் இருந்த மர்ஃபி என்ற அறுவை மருத்துவர் நூறு வருடங்களுக்கு முன்பே சொல்லிவைத்த அடையாளமாம் இது. மூச்சை இழுக்கும்போது ஈரலோடு சேர்ந்து பித்தப்பையும் கீழே இறங்கி அழுத்தும் விரலில் இடிக்கும், வீங்கியிருந்தால் அங்கேயே வலி பிடிக்கும். ஸ்கேன் வருவதற்கு முன்பே அந்த டாக்டர் பித்தப்பைதான் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்.

இரத்தம் எடுத்தார்கள், சிறுநீரும் கேட்டார்கள். வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. கல் பித்தநீர்க் குழாயில் இறங்கியதா என்று பிலிருபினையும், கணையம் அழன்றதா என்று அமிலேஸையும் பார்த்தார்கள், இரண்டும் பெரிதாகக் கூடவில்லை. இதற்கிடையில் வலிக்கு ஊசி போட்டார்கள். வலியை அமுக்கினால் நோய் தெரியாமல் போய்விடும் என்று எங்கள் தோட்டத்து டிரெசர் (மருந்தக உதவியாளர்) அந்தக் காலத்தில் சொல்லுவார், அதைச் சொல்லிப் பார்த்தேன். இப்போது அப்படிக் கருதுவதில்லை, வலி கொஞ்சம் அடங்கினால்தான் வயிற்றை ஒழுங்காகத் தொட்டுப் பார்க்க விடுவார்கள் என்றார் டாக்டர். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. ஆனால் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு உள்ளே பித்தப்பை அழுகத் தொடங்கியிருந்தாலும் வெளியே வலியும் காய்ச்சலும் குறைவாகத் தெரியலாம் என்று சொல்லி, உடனே ஆம்புலன்ஸில் ஈப்போ நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஈப்போவில் பெண்கள் அறுவை வார்டு. அம்மாவுக்கு வாய்வழி எதுவும் கூடாது, கட்டிலில் ‘புவாசா’ அட்டை. பசியை விட மிலோ கிடைக்காததுதான் அவருக்குப் பெரிய துன்பம். அல்ட்ராசவுண்டுக்கும் வெறும் வயிறு தேவை, சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். ஸ்கேனில் பல கற்கள், தடித்த சுவர், சுற்றிலும் கொஞ்சம் நீர்.

அந்த வார்டில் உட்கார்ந்திருந்ததில்தான் மற்ற வயிற்று வலிகளும் புரிந்தன. எதிர்க் கட்டிலில் படிவம் ஐந்து படிக்கும் ஒரு மலாய்ப் பெண். முதலில் தொப்புளைச் சுற்றி வலி, சாப்பாடே பிடிக்கவில்லை, ஒரு வாந்தி. மறுநாள் வலி வலது அடிவயிற்றில் ஓரிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. இருமச் சொன்னால் அங்கேயே சுருக்கென்கிறது. குடல்வால் அழற்சி. அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பச் சோதனை செய்ததில் அவளுடைய அம்மா கொதித்துப்போனார். கருக்குழாயில் தங்கிய கர்ப்பமும் அதே இடத்தில்தான் வலிக்கும், உயிருக்கே ஆபத்து, அதனால் அந்த வயதுப் பெண்கள் எல்லாருக்கும் செய்வோம், யாரையும் சந்தேகப்பட்டு இல்லை என்று மிஸ்ஸி பொறுமையாக விளக்கினார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பாட்டி. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி, மலமும் காற்றும் போகவில்லை. எக்ஸ்ரேயில் குடல் வீங்கித் தெரிந்தது. காரணம் தொடை இடுக்கில் ஒரு சிறு கட்டி, குடலிறக்கம். அது ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, வெட்கத்தில் பாட்டி யாரிடமும் காட்டவில்லை. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் போர்வையை விலக்கி இடுப்புக்குக் கீழே பார்த்த பிறகுதான் தெரிந்தது. முன்பு அழுத்தினால் உள்ளே போன கட்டி இப்போது போகவில்லை, தொட்டால் வலித்தது. அன்று இரவே ஆப்பரேஷன். நம் ஆட்களும் இதைத்தான் மறைப்பார்கள். வயிற்று வலி என்று போனால் சாரோங்கைத் தளர்த்திக் காட்டத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

அம்மாவுக்கு ஊசி வழியாக ஆண்டிபயாடிக் ஏற்றியதில் அழற்சி அடங்கியது. அதே அட்மிஷனிலேயே பித்தப்பையை எடுத்துவிடுவதும் உண்டு, அம்மாவுக்கு ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும்போது சொன்னது இது: கண் மஞ்சளானாலோ, சிறுநீர் பால் ஊற்றாத கோப்பி ஓ மாதிரி கறுத்தாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ தேதிக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும். கல் குழாயை அடைத்து அதில் கிருமி பிடித்தால் நிலைமை மோசமாகிவிடும். அந்த இடைக்காலத்தில் வீட்டில் சாம்பார், ரசம், ஆவியில் வெந்த மீன்தான். ரொட்டி சானாய் கடைப் பக்கமே அம்மாவை நான் விடவில்லை.

கத்திக்கு அம்மா பயந்ததற்குக் காரணம் பெரியம்மாதான். அவருக்கு அந்தக் காலத்தில் விலா ஓரமாக நீளமாக வெட்டித் தைத்திருந்தார்கள். இப்போது துளை வழியாகச் செய்வது வழக்கம். 1985-இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்பவர் முதன்முதலாக இப்படிப் பித்தப்பையை எடுத்தார். அம்மாவுக்கு நான்கு சிறு துளைகள். உள்ளே ஒட்டிப்போயிருந்தால் பெரியதாகத் திறக்க நேரிடலாம் என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், அதற்குத் தேவை வரவில்லை. எடுத்த பித்தப்பையை ஆய்வுக்கு அனுப்பினார்கள்.

ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் 5 வெள்ளி கட்டிப் போனபோது அந்த ரிப்போர்ட் வந்திருந்தது. நாள்பட்ட அழற்சி, கற்கள், வேறு கெட்டது ஒன்றும் இல்லை. முட்டி வலிக்கு எலும்பு டாக்டருக்குத் தனியாகக் கடிதம் எழுதித் தந்தார்கள். மஞ்சள் மாத்திரைப் பையை மிஸ்ஸி திருப்பித் தரவே இல்லை. அம்மா அதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.